ஹெல்மெட் கேமரா மவுண்ட்: ஸ்டீல் தகடு பிய்ஞ்சு பிய்ஞ்சு வருது, அவசர உதவி

தகடுவெட்டி:
நாளை மறுநாள் கிளம்பணும், சீக்கிரம் சொல்லுங்க. பேர் பொறிக்கிற டாலருக்கு வாங்கின ஸ்டீல் தகடு மிச்சம் கிடந்துச்சு. அதை எல் மாதிரி வளைச்சு ஹெல்மெட் தாடையில கேமரா மவுண்ட் பண்ணியிருக்கேன். டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினா ஒரு மணி நேரம்கூட நிக்கல. மூணு தடவை ஆச்சு. நின்ன கொஞ்ச நேரத்துல எடுத்த வீடியோவும் ஜெல்லி மாதிரி ஆடுது. எந்தப் பசை போடலாம்?

சின்பார்:
டேப் எது, எத்தனை மி.மீ.? ஹெல்மெட் ஓடு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கா, பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கா, ஃபைபரா? மேட்டா பளபளப்பா? தகடு என்ன தடிமன்? கேமரா எது?

எல்லாத்தையும் விட முக்கியம்: பிய்ஞ்சு வந்தப்போ டேப் எங்க நின்னுச்சு? ஹெல்மெட் மேலயா, தகட்டு மேலயா, இல்ல நடுவுல நுரை கிழிஞ்சு ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சா? அதைச் சொன்னா பாதிப் பதில் வந்துடும்.

இருபசை:
டேப்பை விடுங்க. ரெண்டு டியூப்ல வர்ற எபாக்ஸி பசையைச் சமமா கலந்து பூசி 24 மணி நேரம் கட்டி வைங்க. எந்த மவுண்ட்டுக்கும் நான் சொல்றது இதுதான். ஸ்டீலையும் பிடிக்கும், ஏ.பி.எஸ்.ஸையும் பிடிக்கும்.

மூத்தபட்டறை:
பிடிக்கும், அதான் பிரச்சினையே. கீழ விழுந்தா மவுண்ட் கழண்டு ஓடணும். கெட்டிப் பசையில ஒட்டின ஸ்டீல் கழலாது, அந்த அடி முழுசும் தாடைக்கும் கழுத்துக்கும் போகும். தம்பி, இங்க கேள்வி போடுறதுக்கு முன்னாடி பழைய இழைகளைப் படிக்கிற வழக்கம் வேணும். தகடு எத்தனை மி.மீ.னுகூடச் சொல்லாம "எந்தப் பசை"ன்னு கேட்டா யாரும் பதில் சொல்ல முடியாது. ஓட்டுல துளை போடலாமான்னு அடுத்து கேட்பீங்க, அதுக்கும் இப்பவே சொல்லிடுறேன்: கூடாது.

தகடுவெட்டி:
துளை போடல சார். கேமரா கோப்ரோ 12. தகடு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 1.5 மி.மீ., கண்ணாடி பாலிஷ். ஹெல்மெட் பளபளப்பு, ஏ.பி.எஸ்.னு நினைக்கிறேன். டேப் சாம்பல் நிறம், 1 மி.மீ. இருக்கும். டேப் அப்படியே ஹெல்மெட்லயே நிக்குது, தகடு மட்டும் மொழமொழன்னு கழண்டு வருது. தின்னர் வெச்சுத் துடைச்சுட்டுதான் ஒட்டினேன்.

சின்பார்:
அப்போ ஹெல்மெட் பக்கம் ஒட்டு சரியாத்தான் இருக்கு. குத்தம் தகட்டுல. நகைக்கு பஃபிங் பண்ற மெழுகுல கொழுப்பு கலந்திருக்கும். கண்ணாடி மாதிரி பளபளக்கிற தகட்டு மேல அது கண்ணுக்குத் தெரியாத படலமா நிக்கும். தின்னர் துணியால ஒரு தடவை துடைச்சா படலம் இடம் மாறும், போகாது.

சோதனை சுலபம். தகட்டைக் குழாய்த் தண்ணியில நனைச்சு சாய்ச்சுப் பிடிங்க. தண்ணி ஒரே படலமா விரிஞ்சு நின்னா சுத்தம். முத்து முத்தா உடைஞ்சு ஓடினா மெழுகு இருக்கு.

சுத்தம் பண்ண: சுடுதண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு, பழைய பல் பிரஷ். காய்ஞ்சதும் அசிட்டோன், ஒவ்வொரு துடைப்புக்கும் புதுத் துணி. அப்புறம் 240 நம்பர் உப்புத்தாளால ஒட்டுற பக்கத்தை மட்டும் பாலிஷ் சாகும்வரை குறுக்கும் நெடுக்குமா தேய்ங்க. கடைசியா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து துடைங்க. அதுக்கப்புறம் விரல் படக்கூடாது. அசிட்டோன் ஹெல்மெட் பக்கமே போகக்கூடாது, ஏ.பி.எஸ். கரைஞ்சுடும்.

இன்னொரு குத்தமும் இருக்கணும். தாடை ரெண்டு பக்கமும் வளைவு, உங்க தகட்டு அடி தட்டை. 100 மி.மீ. ஆரம் உள்ள வளைவுல 40 மி.மீ. அகலத் தட்டையை வெச்சா ரெண்டு ஓரத்துலயும் 2 மி.மீ. இடைவெளி வரும். 1 மி.மீ. டேப் அதை நிரப்பாது. நடுவுல ஒரு கோடு மட்டும் ஒட்டி, ஓரத்துல இருந்து உரியும்.

இதுக்கு எபாக்ஸி மாவு இருக்கு, பிசைஞ்சு வைக்கிற வகை. இருபசைக்கு இதுல சந்தோஷம் வரும். தாடை மேல சமையலறைப் பிளாஸ்டிக் படலத்தைச் சுருக்கமில்லாம இழுத்து ஒட்டுங்க. தகட்டு அடியில 4 மி.மீ. துளை மூணு போட்டு, மாவை அடியில வெச்சு தாடை மேல அழுத்துங்க. மாவு துளை வழியா மேல பிதுங்கி ஆணி மாதிரி இறுகும், அப்புறம் ஸ்டீலை விட்டு வராது. கெட்டியானதும் எடுத்தா அடிப்பக்கம் தாடையோட அச்சு அப்படியே இருக்கும். அதை 120 தாளால லேசா தேய்ச்சு, டேப்பை மாவுக்கும் ஓட்டுக்கும் நடுவுல போடுங்க. இப்போ டேப் ஸ்டீலைத் தொடவே தொடாது.

டேப் 3எம் வி.ஹெச்.பி. 5952 மாதிரி, 1.1 மி.மீ. அக்ரிலிக் நுரை. அழுத்தி ஒட்டின 20 நிமிஷத்துல பாதி பலம், 24 மணி நேரத்துல 90 சதவீதம், முழுசா வர 72 மணி நேரம். உடனே கேமராவைத் தொங்கவிட்டதும் ஒரு காரணமா இருக்கலாம். பழைய டேப்பை எடுக்க மீன்பிடி நரம்பை ரம்பம் மாதிரி இழுங்க. மிச்சத்தைக் கட்டைவிரலால உருட்டினா வந்துடும். பிளேடு வேண்டாம்.

மோதிரவிரல்:
அது 304தானான்னு முதல்ல பாருங்க. வளைச்ச இடத்துல காந்தம் ஒட்டினா மட்டமான சரக்கு. நகைக்கு 316எல் ரக ஸ்டீல்தான் போடணும், அதுலதான் நிக்கல் கிடையாது.

நட்டுபோல்ட்:
ரெண்டுமே தப்பு. 304ஐ வளைக்கும்போது அந்த மடிப்புல உலோகத்தோட கட்டமைப்பு மாறி லேசா காந்தம் பிடிக்கும். தட்டையான இடத்துல பிடிக்காது. 316எல்லுல நிக்கல் 10 முதல் 14 சதவீதம், 304ஐ விட அதிகம். கூடவே 2, 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறதால உப்பு வேர்வையைத் தாங்கும்.

மோதிரவிரல்:
அப்போ நிக்கல் ஒவ்வாதவங்களுக்கு 316எல் ஏன் கொடுக்கிறாங்க?

நட்டுபோல்ட்:
உள்ள எவ்வளவு இருக்குங்கிறது கணக்கில்ல, தோலுக்கு எவ்வளவு கசியுதுங்கிறதுதான் கணக்கு. ஐரோப்பிய விதியும் கசிவைத்தான் அளக்குது: தோல்ல படுற நகைக்கு வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராம், காது மூக்கு குத்துறதுக்கு 0.2. ஸ்டீலுக்குள்ள கலந்து இறுகின நிக்கல் சுலபமா வெளிய வராது. ஆனா ரொம்ப ஒவ்வாதவங்களுக்கு டைட்டானியம்தான் சரி.

மூத்தபட்டறை:
நகைப் பேச்சுக்குத் தனி இழை போடுங்க. கேட்டவருக்கு வீடியோ ஆட்டம் பத்தி இன்னும் யாரும் சொல்லல.

நட்டுபோல்ட்:
சொல்றேன். கேமரா அடியில ரெண்டு விரல் இருக்கில்ல, அதுக்கு நடுவுல இடைவெளி சுமார் 3 மி.மீ. அங்க 1.5 மி.மீ. தகட்டைச் சொருகியிருக்கீங்க. எம்5 போல்டை எவ்வளவு முறுக்கினாலும் விரல்தான் உள்ள வளையும், தகடு இறுகாது. ரெண்டு பக்கமும் மெல்லிய நைலான் வாஷர் வெச்சு மொத்தம் 3 மி.மீ. ஆக்குங்க.

நேரம் இருந்தா ஸ்டீலையே விட்டு 3 மி.மீ. அலுமினியம் போடுங்க. 1.5 மி.மீ. ஸ்டீலை விட விறைப்பு கிட்டத்தட்ட மூணு மடங்கு, எடை மூணுல ரெண்டு பங்கு. இடைவெளியிலயும் கச்சிதமா உட்காரும். கேமரா 154 கிராம், அது எவ்வளவு தள்ளி நிக்குதோ அவ்வளவு ஆடும். நீட்டத்தைப் பாதியாக்கினா வளைவு எட்டுல ஒரு பங்காயிடும்.

ஸ்டீல்லயே துளை போடுறதா இருந்தா கோபால்ட் டிரில் பிட், 5 மி.மீ. துளைக்கு 700, 800 ஆர்.பி.எம்., எண்ணெய், விடாத அழுத்தம். பிட் வெட்டாம உரசினா அந்த இடம் இறுகிப் போகும், அப்புறம் எந்த பிட்டும் இறங்காது. நட்டு கழலுதுன்னு மரையைப் பூட்டுற திரெட் லாக் திரவம் ஊத்திடாதீங்க, ஏ.பி.எஸ்.ல பட்டா விரிசல் விடும். நைலான் வளையம் வெச்ச நட்டு போதும்.

மூத்தபட்டறை:
தகட்டு மூலை எல்லாம் 5 மி.மீ. ஆரமாவது உருட்டி, ஓரப் பிசிறை அரத்தால எடுத்துடுங்க. இதைப் பத்தி யாரும் பேசல.

தகடுவெட்டி:
தண்ணி முத்து முத்தா நின்னுச்சு. மெழுகுதான். மாவு வெச்சு நேத்து ராத்திரி ஒட்டினேன், கையால இழுத்துப் பார்த்தேன், அசையல. வாஷர் வெச்சாச்சு. கிளம்புறேன், நன்றி அண்ணே எல்லாருக்கும்.

சின்பார்:
ஒரு நிமிஷம். தின்னர்னு சொன்னீங்களே, அதை ஹெல்மெட் ஓட்டு மேலயும் துடைச்சீங்களா? அதுவும் அசிட்டோன் மாதிரி ஏ.பி.எஸ்.ஸுக்கு ஆகாது. துடைச்சிருந்தா டார்ச்சைச் சாய்வா அடிச்சு அந்த இடத்துல முடி மாதிரி விரிசல் இருக்கான்னு பாருங்க. ஒண்ணு தெரிஞ்சாலும் அந்த ஹெல்மெட்டைப் போடாதீங்க.

சின்பார்:
தகடுவெட்டி, பார்த்தீங்களா?