ஐடிலில் கேட்கிறது, டெர்மினலில் ஓட்டினால் சத்தமே இல்லை: பைகேம் உதவி தேவை

கேள்வி:
அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. மாத்திரை நேரத்தை என் குரலில் பதிவு செய்து, கணினியே அந்தந்த வேளையில் ஒலிக்கும்படி பைத்தானில் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். காலை, மதியம், இரவு என மூன்று பதிவுகள். பைகேம் என்ற பைத்தான் நூலகத்தில் ஒலிக்கான பகுதியான மிக்ஸரைத் தொடங்கி, கோப்பை லோட் செய்து, பிளே கொடுக்கிறேன். அவ்வளவுதான் நிரல். பைத்தானோடு வரும் எடிட்டரான ஐடிலில் ஓட்டினால் காலைப் பதிவு நன்றாகக் கேட்கிறது. கட்டளை தட்டச்சு செய்யும் டெர்மினலில் ஓட்டினால் பிழையும் இல்லை, சத்தமும் இல்லை, சட்டென்று முடிந்துவிடுகிறது. ஸ்பீக்கரை மாற்றியாயிற்று, பைகேமை நீக்கி மறுபடி நிறுவியும் ஆயிற்று. இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பதில்:
ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. பிளே என்பது ஒலியைத் தொடங்கி வைத்துவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விடும். பாடி முடியும்வரை காத்திருக்காது. உங்கள் நிரலில் அடுத்த வரியே இல்லை. நிரல் முடிந்ததும் ஒலியும் அதோடு போய்விடுகிறது. ஐடிலில் நிரல் முடிந்த பிறகும் பின்னால் பைத்தான் உயிரோடு இருப்பதால் பதிவு முழுக்கக் கேட்கிறது.

பிளேக்குக் கீழே ஒரு வைல் சுற்று போடுங்கள்: மியூசிக்கின் கெட்_பிஸி (ஒலி இன்னும் ஓடுகிறதா என்று சொல்வது) உண்மையாக இருக்கும்வரை டைம்.ஸ்லீப் 0.1, அதாவது 0.1 நொடி காத்திருப்பு. ஸ்லீப் இல்லாமல், எதுவும் செய்யாத பாஸ் வரியை மட்டும் போட்டாலும் வேலை நடக்கும், ஆனால் பிராசஸரைச் சும்மா சுழல விடுவீர்கள்.

கேட்டவர்:
காலைப் பதிவு கேட்கிறது, ரொம்ப நன்றி அண்ணா! ஆனால் மதியப் பதிவு லோட் வரியிலேயே பிழை தருகிறது. அதுவும் டபிள்யூஏவி கோப்புதான். கைபேசியில் பதிவு செய்தபோது எம்4ஏ என்று வந்தது, நான்தான் பெயரை மாற்றினேன்.

பதில்:
பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. நீங்களே பார்த்துவிடலாம். கோப்பை பைனரி முறையில் திறந்து முதல் 12 பைட்டை அச்சிடுங்கள். உண்மையான டபிள்யூஏவி என்றால் முதல் நான்கு எழுத்து ஆர், ஐ, எஃப், எஃப் என்று இருக்கும். எம்4ஏ என்றால் நான்கு பைட் தள்ளி எஃப், டி, ஒய், பி என்று வரும்.

கோப்பின் அளவும் காட்டிக்கொடுக்கும். நொடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொன்றும் 16 பிட், மோனோ (ஒரே தடம்) என்றால் நொடிக்கு 88,200 பைட். 10 நொடிப் பதிவு 8,82,000 பைட்டுக்குக் குறையாது. உங்களுடையது அதில் கால்வாசிகூட இல்லை என்றால் அது சுருக்கப்பட்ட ஒலிதான்.

பெயரை மறுபடி எம்4ஏ ஆக்கிவிட்டு ஒலிக் கோப்புகளை வேறு வடிவுக்கு மாற்றும் எஃப்எஃப்எம்பெக் நிரலில் கொடுங்கள். வெளியீட்டுப் பெயர் டபிள்யூஏவி என்று முடிந்தால் போதும், 16 பிட் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) ஆக அதுவே மாற்றித் தரும்.

கேட்டவர்:
நீங்கள் சொன்னபடியே எஃப், டி, ஒய், பி என்ற நான்கு எழுத்தும் இருந்தன. மாற்றியதும் கேட்கிறது. கடைசியாக ஒன்று: நானே ஓட்டினால் சரி, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் ஓட்டினால் கோப்பு கிடைக்கவில்லை என்கிறது.

இன்னொருவர் பதில்:
நிரலில் வெறும் கோப்புப் பெயரை மட்டும் கொடுத்திருப்பீர்கள். அதை பைத்தான், நிரல் இருக்கும் கோப்புறையில் தேடாது. எந்தக் கோப்புறையிலிருந்து ஓட்டப்பட்டதோ அங்கே தேடும். ஷெட்யூலர் வேறு இடத்திலிருந்து ஓட்டுகிறது. பைத்தானின் பாத்லிப்பில் __ஃபைல்__ (நிரல் கோப்பின் பாதை) கொடுத்து, அதன் பேரன்டோடு (அது இருக்கும் கோப்புறையோடு) கோப்புப் பெயரைச் சேர்த்து முழுப் பாதையாக்குங்கள். எங்கிருந்து ஓட்டினாலும் கிடைக்கும்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது. இன்று காலை 8 மணிக்குத் தானாக ஒலித்தது. அம்மா அடுத்த அறையிலிருந்து "இதோ போட்டுக்கறேன்பா" என்று கணினிக்குப் பதில் சொன்னார். இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மதியம், இரவுப் பதிவுகளையும் இன்றே ஷெட்யூலரில் சேர்த்துவிடுகிறேன்.