கொல்லைக் கதவு வெளிப்பக்கம் திறக்குது, ஆல்ட்ராப் பூட்டு போதுமா?

திருச்சி_வீடு: தனி வீடு. தீபாவளிக்கு ஆறு நாள் ஊருக்குப் போறோம். கொல்லைக் கதவு 32 மிமீ ஃப்ளஷ் டோர், வெளிப்பக்கமாத் திறக்கும். உள்ளே 6 இன்ச் தாழ்ப்பாள், வெளியே ஆல்ட்ராப்பும் (பூட்டு மாட்டுற பெரிய தாழ்ப்பாள்) பூட்டும். தேக்கு நிலை, 4 இன்ச் ஆழம், உள்சுவரோட சமமா இருக்கு. ஜன்னல் கிரில் மரச்சட்டத்துல வெளியிலிருந்து திருகு போட்டது. இன்னும் பெரிய பூட்டா வாங்கலாமா?

தச்சுப்பட்டறை: பூட்டை மாத்திப் பிரயோஜனம் இல்லை சார். நிலையில ஆல்ட்ராப் காதைப் பிடிச்சிருக்கிற திருகு ஒண்ணைக் கழட்டிப் பாருங்க, அநேகமா முக்கால் இன்ச்தான் இருக்கும். கடப்பாரையால நெம்பினா, பூட்டு பூட்டினபடியே காதோட கழண்டு வந்துடும்.

வெளிப்பூட்டையே எடுத்துடுங்க. வீட்டுல ஆள் இல்லைன்னு தண்டோரா போடுறதே அதுதான். உள்ளே குறுக்குப் பட்டை போட்டு அடைச்சிட்டு, வாசல் வழியா வெளியே போங்க. 40×6 மிமீ இரும்புப் பட்டை, ரெண்டு பக்கமும் நிலையைத் தாண்டிச் சுவர்மேல 3 இன்ச் ஏறணும்.

எல்லாரும் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. உள்ளே திறக்கிற கதவுக்குக் கிளாம்பை, அதாவது பட்டையைத் தாங்குற கொக்கியை, சுவர்ல அடிக்கணும். உங்களுது வெளியே திறக்குது, அதனால கிளாம்ப் கதவுலதான் இருக்கணும். அப்பதான் வெளியிலிருந்து இழுத்தா பட்டை சுவர்ல அழுந்தி நிக்கும். சுவர்ல அடிச்சா கதவு பாட்டுக்குத் திறந்துக்கும், பட்டை சும்மா தொங்கும்.

கிளாம்ப் நீளத்தையும் கணக்கு பண்ணிக்கோங்க. நிலை ஆழம் 4 இன்ச், கதவு கனம் ஒண்ணேகால் போனா, கதவுக்கும் பட்டைக்கும் நடுவுல மீதி இரண்டேமுக்கால். பட்டை கனத்தையும் சேர்த்து, கிளாம்ப் கொக்கியோட உள்பக்கம் கதவுலேர்ந்து 3 இன்ச்சாவது தள்ளி இருக்கணும். கடையில கிடைக்கிற 1 இன்ச் கிளாம்ப் வாங்கினா பட்டை நிலையில முட்டி உட்காராது. வெல்டிங் பட்டறையில அளவு கொடுத்துச் செய்யுங்க. ரெண்டு கிளாம்ப், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு 8×50 மிமீ கேரேஜ் போல்ட். உருண்டைத் தலை வெளியே, நட்டு உள்ளே. ஃப்ளஷ் டோர்ங்கிறதால தலைக்கடியில 3 மிமீ தகடு வையுங்க, இல்லன்னா டைட் பண்ணும்போது பிளை அமுங்கும். போல்ட் கழுத்து சதுரம், அதனால தகட்டு ஓட்டையையும் சதுரமா அராவிக்கணும்.

வெல்டர்_அண்ணாச்சி: கீலையும் மறந்துடாதீங்க தம்பி. வெளியே திறக்கிற கதவுக்கு கீல் முட்டு வெளியே தெரியும், ஊசியைத் தட்டி எடுத்துடலாம். மேல் கீல், கீழ்க் கீல் ரெண்டுலயும் நிலைப்பக்கத் தகட்டுல ஒரு திருகை எடுத்துட்டு, அதே ஓட்டையில இரண்டரை இன்ச் திருகைப் போட்டு, 10 மிமீ நீட்டி விட்டுத் தலையை அறுத்துடுங்க. எதிரே கதவுப்பக்கத் தகட்டுல அதே வரிசைத் திருகை எடுத்துட்டு அந்த ஓட்டையை 8 மிமீ ஆக்கி, மரத்துக்குள்ள 12 மிமீ ஆழம் போடுங்க. கதவைச் சாத்தினா, தலையறுத்த அந்தத் திருகு முளை மாதிரி உள்ளே போய் உட்காரும். ஊசியை எடுத்தாலும் அந்தப் பக்கம் பெயராது. பட்டை போட்டா இது தேவையில்லைதான், ஆனா பகல்ல யாரும் பட்டை போடறதில்லையே.

கிரில் திருகுத் தலைக் குழியை 6 மிமீ பிட்டால அரைச்சு விட்டுட்டா ஸ்க்ரூடிரைவர் பிடிக்காது. பாத்ரூம் வென்டிலேட்டர்ல கண்ணாடிப் பட்டைன்னா, அதை ஒவ்வொண்ணா உருவிடலாம். 12 மிமீ கம்பி, 4 இன்ச் இடைவெளியில, சுவருக்குள்ள புதைச்சு வையுங்க.

திருச்சி_வீடு: முளைக்குப் போட்ட திருகு பாதியில முறிஞ்சிடுச்சு அண்ணாச்சி. தேக்கு ரொம்ப இறுகியிருக்கு. வாசல் கதவுக்கும் ஏதாவது செய்யணுமா?

தச்சுப்பட்டறை: 8-ஆம் நம்பர் திருகுன்னா முதல்ல 3 மிமீ பிட்டால முழு ஆழமும் ஓட்டை போட்டுட்டு, மரைக்குச் சோப்பு தடவி ஏத்துங்க. முறிஞ்சதைத் தோண்டாதீங்க, பக்கத்துத் திருகு ஓட்டையில போட்டுக்கலாம், கதவுலயும் அதுக்கு நேரே.

வாசல் கதவுல பூட்டு நாக்கு நுழையிற நிலைத் தகட்டுத் திருகை இரண்டரை இன்ச்சா மாத்துங்க. பூட்டு சிலிண்டர் வெளித்தகட்டைத் தாண்டி 3 மிமீக்கு மேல நீட்டியிருந்தா, இடுக்கியால பிடிச்சு ஒடிச்சிடலாம். சரியான நீளத்துல மாத்துங்க. போலீஸ் ஸ்டேஷன்லயும் தகவல் சொல்லிட்டுப் போங்க.

திருச்சி_வீடு: கிளாம்ப் மாட்டியாச்சு. கால் இன்ச் ஆட்டம் இருக்கு, கதவைத் தள்ளினா டக் டக்னு அடிக்குது.

வெல்டர்_அண்ணாச்சி: கொக்கிக்குள்ள பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ரெண்டு சுத்து சுத்துங்க, ஆட்டம் நின்னுடும். பட்டைக்குப் பூட்டு மட்டும் போட்டுடாதீங்க, ராத்திரி அவசரம்னா கையால தூக்கி எடுக்கிற மாதிரியே இருக்கட்டும்.