கிறிஸ்துமஸ் புட்டிங்: சூயட்டுக்குப் பதில் வெண்ணெய் போடலாமா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)
டிசம்பருக்கு ஆங்கிலேயர் முறையில் கிறிஸ்துமஸ் புட்டிங் (உலர்பழம் போட்டு ஆவியில் வேகவைக்கும் இனிப்பு) செய்ய வேண்டும். சூயட்டுக்குப் பதில் வெண்ணெய் போட்டால் நெய் கசிந்து களி மாதிரி ஆகிறது. ஏன்? அப்புறம், நம்மூர் பேக்கரியில் புட்டிங் என்றால் கேரமல் கஸ்டர்ட். இதற்கும் அதற்கும் எப்படி ஒரே பெயர்?

பதில் 1 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)
சூயட் என்பது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு. உருக 45 டிகிரிக்கு மேல் வேண்டும். வேகும்போது தாமதமாக உருகி, இருந்த இடத்தில் பொடித் துளைகளை விட்டுப்போகும்; மிருது அதனால்தான். வெண்ணெய்க்கு 32-35 டிகிரி போதும். கடலூர் சமையலறையில் கிளறும்போதே ஒழுகிவிடும்.

வெண்ணெயை ஃப்ரீசரில் கல்லாக்கித் துருவி, மைதாவில் புரட்டி, மறுபடி அரைமணி ஃப்ரீசரில் வையுங்கள். கலவையில் கடைசியாகச் சேருங்கள். ஒன்றேகால் லிட்டர் கிண்ணத்துக்கு: உலர்திராட்சை வகைகள் 450 கிராம் (முந்தின இரவே 75 மில்லி பிராந்தியில் ஊறட்டும்), ரொட்டித்தூள் 100, மைதா 60, வெண்ணெய் 110, நாட்டுச்சர்க்கரை 150, முட்டை 2, பட்டை, ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல் துருவல். ரொட்டித்தூளைக் குறைத்து மைதாவைக் கூட்டாதீர்கள், கனத்துப்போகும்.

பதில் 2 (திருப்பாதிரிப்புலியூர்)
வேகவைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கிண்ணத்தில் மேலே ஓர் அங்குலம் காலி விடுங்கள். பட்டர் பேப்பரையும் ஃபாயிலையும் நடுவில் ஒரு மடிப்பு வைத்து மூடி, விளிம்பை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். மடிப்பு இல்லாவிட்டால் புட்டிங் எழும்பும்போது மூடி கிழிந்து தண்ணீர் இறங்கும். பெரிய இட்லிப் பானையில் 7 மணி நேரம். தண்ணீர் கிண்ணத்தின் பாதி உயரம். குறைந்தால் கொதிநீரே ஊற்றவும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கிவிடும். குக்கர் என்றால் முதல் அரைமணி வெயிட் போடக்கூடாது. எடுத்ததுமே அழுத்தம் ஏறினால் எழும்பாமல் கல்லாகும்.

பதில் 3 (புதுச்சேரி)
பெயருக்கு வருகிறேன். பிரெஞ்சில் ரத்தம் அடைத்த குடலுக்கு 'பூதேன்' என்று பெயர். புட்டிங் அதிலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். தொடக்கத்தில் புட்டிங் என்றால் குடலில் அடைத்து வேகவைத்த இறைச்சிதான். ரத்தம் அடைத்த பிளாக் புட்டிங் இன்றும் அப்படியே. 17ஆம் நூற்றாண்டில் துணியில் கட்டி வேகவைக்கும் வழக்கம் பரவியதும் குடலுக்கு வேலை இல்லாமல் போனது. மாவும் பழமும் உள்ளே வந்தன. 'பிளம் புட்டிங்' என்கிறார்களே, அதில் பிளம் கிடையாது. அந்தக் காலத்தில் உலர்திராட்சைக்கும் அதுதான் பெயர். 1845இல் எலைசா ஆக்டன் தன் சமையல் நூலில் இதைக் 'கிறிஸ்துமஸ் புட்டிங்' என்றே எழுதினார். இன்று பிரிட்டனில் சாப்பாட்டுக்குப் பின் வரும் எந்த இனிப்பும் புட்டிங்தான். அந்தக் கணக்கில் நம் கேரமல் கஸ்டர்டும் சேர்த்தி. யார்க்ஷயர் புட்டிங் தனிக்கட்சி: இனிப்பே இல்லை, வறுத்த மாட்டிறைச்சியோடு தின்பது.

கேள்வி கேட்டவர்
நன்றி சார். அங்கே மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பார்களாமே?

பதில் 2
ஆமாம், அட்வென்ட்டுக்கு (கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் வாரங்கள்) முந்தைய ஞாயிறு கிளறி வைப்பது அங்கே வழக்கம். ஆனால் அது குளிர்ந்த ஊர். நம் கடற்கரை ஈரத்தில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், பூஞ்சை பிடித்துவிடும். முழுக்க ஆறியதும் ஈரப் பேப்பரை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பரிமாறும் அன்று 2 மணி நேரம் மறுபடி ஆவியில் வைக்கவும். அங்கே செய்வதுபோல் புட்டிங்மேல் பிராந்தி ஊற்றிக் கொளுத்துவதானால், பிராந்தியைக் கரண்டியில் லேசாகச் சூடாக்கி ஊற்றுங்கள். குளிர்ந்த பிராந்தி சட்டென்று தீப்பிடிக்காது.