ஆறு வயதை எட்டும் மகனுடன் மீண்டும் கல்லூரிக்குப் போக விரும்புகிறேன்: பண உதவிக்கு வழி உண்டா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். நான் சாட்ஸ்வொர்த்தில் என் தாயாருடனும் மகனுடனும் வசிக்கிறேன். 2019-ஆம் ஆண்டு டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் டிப்ளோமா முதலாண்டில் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவித் திட்டத்தின் பர்சரியுடன் (படிப்பு உதவித்தொகையுடன்) சேர்ந்தேன். ஆகஸ்ட் மாதம் கர்ப்பகாலத் தளர்ச்சி தாங்க முடியாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பாடங்களை முறைப்படி ரத்து செய்ய வேண்டும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. ஆகவே அந்தப் பருவத்துப் பாடங்கள் எல்லாம் தோல்வி என்றே பதிவாகியிருக்கின்றன. 2020 ஜனவரியில் மகன் பிறந்தான். அடுத்த ஆண்டு, அதாவது 2026-இல், அவன் முதல் வகுப்பில் சேர்கிறான்.

இப்போது ஒரு கடையில் காசாளராக இருக்கிறேன். கைக்கு வருவது மாதம் 5,200 ராண்ட். மகனுக்காக சாசா (அரசின் சமூக உதவித்தொகை முகமை) தரும் குழந்தை உதவித்தொகை 2025-இல் மாதம் 560 ராண்ட். தாயார் முதியோர் உதவித்தொகை பெறுகிறார். மகனின் தந்தை எதுவும் தருவதில்லை. விட்ட படிப்பை முடிக்க வேண்டும் என்ற எண்ணம் இரவில் மகனின் சீருடையைத் தேய்க்கும்போதெல்லாம் வந்து நிற்கிறது. ஒருமுறை உதவி பெற்றுப் பாதியில் விட்டவளுக்கு மீண்டும் உதவி கிடைக்குமா? குழந்தை உள்ளவள் என்பதற்காகக் கூடுதலாக ஏதேனும் உண்டா? தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில் 1 (பீனிக்ஸ்)

தங்கச்சி, நான் பல ஆண்டுகள் மாணவர் நிதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எம். எல். சுல்தான் டெக்னிகானில் (தொழில்நுட்பக் கல்லூரியில்) மாலை வகுப்பில் படித்தவன் என்பதால் உங்கள் கல்லூரி எனக்கும் உரியதுதான். அந்த நிறுவனமும் நேட்டால் டெக்னிகானும் 2002-இல் இணைந்ததே இன்று நீங்கள் சொல்லும் பல்கலைக்கழகம்.

வருமானத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மேல் போகாதவர்களுக்கு என்எஸ்ஃபாஸ் உதவி உண்டு. உங்கள் சம்பளம் ஆண்டுக்கு 62,400 ராண்ட்தான். சாசா பெறுபவர்களைத் தகுதியுள்ளவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பணம் உங்கள் மகனின் பெயரில் வருவது; அதை மட்டும் நம்பிச் சம்பளச் சீட்டை வைக்காமல் விடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் 2019-இல்தான் இருக்கிறது. பர்சரி பெற்று நீங்கள் படித்த ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் ஏறும். படிப்பின் காலத்தோடு ஓராண்டு மட்டுமே கூடுதலாகத் தருவார்கள். டிப்ளோமா மூன்றாண்டு, கூடுதல் ஒன்று, ஆக நான்கு. அதில் ஒன்று 2019-இலேயே போய்விட்டது. மீதி மூன்று. அதாவது அதே படிப்புக்குத் திரும்பினால், 2019-இல் தேறிய பாடங்களுக்கு விலக்குக் கிடைத்தாலொழிய, ஒரு பாடம்கூடத் தவறாமல் மூன்றே ஆண்டில் முடித்தாக வேண்டும். ஆகவே விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன், துறை அலுவலகத்துக்கு நேரில் போய், முதற்பருவத்தில் தேறியவை எவை, அவற்றுக்கு இன்னும் மதிப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாணவர் கணக்கில் பழைய பாக்கி ஏதும் நிற்கிறதா என்பதையும் அன்றே கேளுங்கள், ஏனெனில் பாக்கி இருந்தால் மதிப்பெண் பட்டியலைத் தராமல் நிறுத்திவைக்கலாம்.

தோல்விப் பதிவைக் காட்டி முதலில் நிராகரிப்பு வர வாய்ப்பு அதிகம். அதைக் கண்டு மனம் விட வேண்டாம். முடிவு வந்த தேதியிலிருந்து மேல்முறையீட்டுக்கு 30 நாட்கள்தான், அதைத் தவறவிட்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். கர்ப்பகாலத்து மருத்துவச் சான்று, மகனின் பிறப்புச் சான்றிதழ், எப்போது ஏன் நின்றீர்கள் என்று உங்கள் கையெழுத்தில் ஒரு பக்கக் கடிதம், இவற்றை இப்போதே ஓர் உறையில் போட்டு வையுங்கள். நகல்களுக்குக் காவல் நிலையத்தில் இலவசமாக ‘உண்மை நகல்’ என்று முத்திரை வைப்பார்கள். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முத்திரையை ஏற்பதில்லை, ஆகவே மிக முன்கூட்டி வாங்கினால் வீணாகிவிடும்.

இன்னொன்று, என்எஸ்ஃபாஸ் விண்ணப்பம் வேறு, சேர்க்கை விண்ணப்பம் வேறு. நம் மாகாணத்தில் சேர்க்கைக்கு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போக வேண்டும். பர்சரி கிடைத்தாலும் இடம் இல்லையென்றால் பயனில்லை. என்எஸ்ஃபாஸ் விண்ணப்பத்துக்கு ஒரு காசும் கிடையாது. பணம் கேட்பவர் எவராயினும் ஏமாற்றுக்காரர்.

பதில் 2 (டொங்காட்)

தங்கச்சி, நானும் இரண்டு பிள்ளைகளோடு படித்தவள். அண்ணா சொன்ன கணக்கு அத்தனையும் சரி. குழந்தைக்கென்று கூடுதலாக ஏதும் உண்டா என்று கேட்டீர்கள், அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

என்எஸ்ஃபாஸில் குழந்தைக்காகத் தனிப்படி எதுவும் இல்லை. படிப்புக் கட்டணம், புத்தகம், தங்குமிடம் அல்லது போக்குவரத்து, வாழ்க்கைப்படி, அவ்வளவே. பெரும்பாலான மாணவர் விடுதிகளில் பிள்ளைகளை வைத்துக்கொள்ளவும் முடியாது. எனவே உங்கள் தாயாரின் வீட்டில் இருந்தபடியே போய் வாருங்கள். அந்த வசதி உங்களுக்குக் கிடைத்த பெரும் உதவி. முதலாண்டில் எனக்கு அந்தப் படிகளுக்கான பணம் வாரக்கணக்கில் தாமதமாக வந்தது. அந்த வாரங்களில் காலை டாக்ஸிக்கு வைத்திருந்த சில்லறையை ஒரு பழைய காபி டப்பாவில் எண்ணி எண்ணி எடுத்தேன். ஆகவே வேலையை விடுவதற்கு முன், இரண்டு மாதப் பயணச் செலவாவது கையில் இருக்கட்டும்.

ஆனால் மகனின் பக்கத்திலிருந்து ஒரு வழி உண்டு, அதைப் பலர் கேட்பதே இல்லை. நீங்கள் அவனுக்காக சாசா உதவித்தொகை பெறுவதால், கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளியில் அவன் சேர்ந்தாலும் பள்ளிக் கட்டணத்திலிருந்து முழு விலக்குக்கு உங்களுக்கு உரிமை உண்டு. பள்ளிச் செயலாளரிடம் விலக்குப் படிவம் கேளுங்கள், சாசா சான்றைக் கொடுங்கள். தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டிய காரியமே இல்லை, இது சட்டம் தந்த உரிமை. முதல் வகுப்பு மதியத்திலேயே முடிந்துவிடும் என்பதால் அதற்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதைத் தாயாரிடம் இப்போதே பேசி முடியுங்கள். நான் அதை மார்ச் மாதம் வரை தள்ளிப் போட்டு மிகவும் துன்பப்பட்டேன்.

யூனிசாவில் (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில்) தொலைநிலைப் படிப்பு என்றால் வேலையை விட வேண்டாம், ஆனால் அங்கே என்எஸ்ஃபாஸ் கட்டணத்தையும் பாடநூல்களையும் மட்டுமே பார்க்கும். நான் பின்னர் அங்கே மாறி அப்படித்தான் முடித்தேன். இரவு பத்து மணிக்குப் பிள்ளைகள் தூங்கிய பின் சமையல் மேசையில் உட்கார்ந்து படிப்பேன். உங்களுக்கு மூன்றே ஆண்டு என்ற கெடு இருப்பதால், பகல் வகுப்பே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. தொலைநிலையில் ஆண்டுகள் நீண்டுகொண்டே போகும்.

பதில் 3 (மெரிபேங்க்)

மகனின் தந்தையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பராமரிப்புத் தொகை என்பது 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிள்ளைக்கு உரியது. சாட்ஸ்வொர்த் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பராமரிப்புப் பிரிவில் நீங்களே விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞரும் வேண்டாம், கட்டணமும் இல்லை. அவரது அடையாள எண்ணோ வேலை செய்யும் இடமோ தெரிந்தால் எடுத்துச் செல்லுங்கள். உத்தரவு வந்த பிறகும் அவர் கட்டாமல் இருந்தால், அவர் சம்பளத்திலிருந்தே பிடித்துத் தர நீதிமன்றம் முதலாளிக்கு ஆணையிட முடியும். பள்ளிக்குப் பிந்தைய காப்பகச் செலவை அதிலிருந்து பார்க்கலாம்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. எனக்கு மூன்று ஆண்டுகளே மிச்சம் என்பது இதுவரை தெரியாது. தெரியாமல் சேர்ந்து, நான்காம் ஆண்டில் நின்றிருப்பேன். நேற்று பழைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். 2019-இல் மருத்துவமனை கொடுத்த கர்ப்பகால அட்டை இன்னும் இருக்கிறது, மடிப்பில் மட்டும் கிழிந்திருக்கிறது. வியாழக்கிழமை எனக்கு விடுப்பு. காலையில் துறை அலுவலகம், மாலையில் மகனின் பள்ளி. பராமரிப்புத் தொகைக்கு விண்ணப்பிப்பது பற்றி அம்மாவிடம் பேசிவிட்டு இங்கே எழுதுகிறேன். டொங்காட் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி: விலக்குப் படிவத்தைச் சேர்க்கையின்போதே கொடுக்க வேண்டுமா, ஜனவரியில் கொடுத்தாலும் போதுமா?

பதில் 2 (டொங்காட்)

சேர்க்கையின்போதே கேளுங்கள், தங்கச்சி. கொடுத்ததற்கு அத்தாட்சியாக, உங்கள் நகலில் பள்ளியின் முத்திரையையும் தேதியையும் போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.