மறுமொழி: ‘நியர் மிஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில் நம் தொழிலாளர்கள் கைப்பேசியிலேயே நிரப்பும் பாதுகாப்புப் படிவத்துக்காகத்தான் இந்தச் சொல்லைக் கேட்டிருந்தேன். விபத்தாக முடிந்திருக்கக்கூடியது, ஆனால் யாருக்கும் அடிபடாமல் போனது, அந்த நிகழ்வைத்தான் ‘நியர் மிஸ்’ என்கிறார்கள். பரிந்துரைத்த எல்லோருக்கும் நன்றி. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

> நூலிழைத் தப்பு

காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் சைட்டில் ‘தப்பு’ என்றால் யாரோ தப்புச் செய்துவிட்டார் என்றுதான் பொருள். திரையில் ‘நூலிழைத் தப்பைத் தெரிவிக்கவும்’ என்று வந்தால், சாரத்தில் நிற்பவர் அதை ‘நீ செய்த தப்பை எழுதிக் கொடு’ என்று படிப்பார். வேலை அனுமதிச் சீட்டே முதலாளியை நம்பி இருக்கும்போது யார் எழுதுவார்? ‘தவறிய விபத்து’ என்ற பரிந்துரைக்கும் இதே சிக்கல்தான். போதாக்குறைக்கு ‘தவறிவிட்டார்’ என்றால் இறந்துவிட்டார் என்று வேறு ஆகிறது.

> அண்மைத் தவறல்

இதை வேறொரு காரணத்துக்காகவும் தவிர்க்க வேண்டும். மண் தோண்டும் எந்திரத்தின் பின்னால் ஆள் வந்தால் கூவுகிற கருவியை ‘அண்மை உணரி’ என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம். 2024 ஜூன் முதல் சிங்கப்பூரில் 50 லட்சம் வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் கண்காணிப்புக் கேமரா கட்டாயம். அந்தப் படங்களைக் கணினியே பார்த்து, தூக்கிய சுமைக்கு அடியில் ஆள் நின்றால் எச்சரிக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. அந்த எச்சரிக்கை வேறு, நாம் கேட்கும் நிகழ்வு வேறு. இரண்டுக்கும் ‘அண்மை’ என்று பெயர் வைத்தால் பதிவேட்டில் இரண்டும் கலந்துவிடும்.

> கண்டம் தப்பியது

ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஆனால் கண்டம் என்பது ஜாதகத்தில் இருந்தது, விலகியது, கோயிலுக்குப் போய்வந்தால் முடிந்தது. நமக்கு வேண்டியது, ஏன் நடந்தது என்று கேட்க வைக்கிற சொல்.

ஓர் எடுத்துக்காட்டு. பத்தாவது மாடி விளிம்பில் முறுக்காணியை இறுக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவுகிறது. சுமார் 30 மீட்டர். இரண்டரை நொடியில் தரைக்கு வந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். கீழே கம்பி கட்டுபவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், யாருக்கும் அடியில்லை. யாரும் ‘தப்பவும்’ இல்லை, ஏனென்றால் அங்கே ஆளே இல்லை. ஆனாலும் இது பதிவாக வேண்டும். பதிவானால்தான் ஸ்பேனரைக் கைக்கயிற்றில் கட்டியிருந்தாரா, விளிம்பில் வலை இருந்ததா, பொருள் உருண்டு விழாமல் தடுக்கும் அடிப்பலகை இருந்ததா என்று அடுத்த ஷிஃப்ட்டுக்கு முன் யாராவது போய்ப் பார்ப்பார்கள். ஒரு பெரிய காயத்துக்கு முன்னால் 29 சிறு காயங்கள், காயமே இல்லாத 300 நிகழ்வுகள் என்று தொழிற்பாதுகாப்பை ஆராய்ந்த அமெரிக்கர் ஹைன்ரிக் 1931-இல் எழுதினார். அந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று பின்னால் பலர் மறுத்திருக்கிறார்கள், சரி. ஆனால் காயம் இல்லாத நாளிலேயே காரணத்தைத் தேட வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆகவே என் பரிந்துரை: நடக்க இருந்த விபத்து. இதில் தப்பும் இல்லை, தவறும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்துகிறது. முதல் முறை படிப்பவருக்கும் விளக்கம் தேவையில்லை. கலைச்சொல்லுக்குரிய செறிவு இல்லை என்று அகராதிப் பணியில் இருக்கும் பெரியவர்கள் சொல்லக்கூடும். நியாயம்தான். ஆனால் வெயிலில், கையுறையைக் கழற்றி, ஒரு விரலால் தொடப்போகிறவருக்காகத்தான் இந்தச் சொல். அவருக்குப் புரிவதை நான் செறிவுக்கு மேலே வைக்கிறேன்.

அப்புறம், தொழிலாளர்கள் பேச்சில் ‘ஜஸ்ட் மிஸ்’ என்றுதான் வருகிறது. படிவத்தில் குரல்பதிவு வசதி உண்டு. அதில் ‘ஜஸ்ட் மிஸ் ஆச்சுண்ணே’ என்று சொன்னாலும் மென்பொருள் இதே வகையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் இடிக்கிறது. மாத அறிக்கையில் ‘நடக்க இருந்த விபத்து விகிதம்’ என்று எழுதினால் நீளமாகவும் கரடுமுரடாகவும் இருக்கிறது. அங்கே மட்டும் ‘நூலிழை நிகழ்வு விகிதம்’ எனலாமா? திருப்பூர்க்காரர்களுக்கு நூலிழை என்றதும் பனியன் நூல் நினைவுக்கு வருமே என்று தயங்குகிறேன். இதைவிடச் சுருக்கமாக, ‘தப்பு’ கலக்காமல் ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.