தரங்கம்பாடியில் தடயம் தேடி ஒரு நடை: உங்கள் ஊர் வேட்டைக் கதைகளையும் சொல்லுங்கள்

அரையாண்டு லீவுக்கு மயிலாடுதுறையில் அண்ணன் வீட்டுக்குப் போனால் ஒருநாள் பூம்புகார், ஒருநாள் திருக்கடையூர் என்று போய்விட்டு வருவதுதான் வழக்கம். இந்த முறை அண்ணன் தரங்கம்பாடி என்றார். "சும்மா கோட்டையைப் பாத்துட்டு பஜ்ஜி தின்னுட்டு திரும்புறதுக்கு நான் வரல. தடயம் எழுதி வச்சிருக்கேன். தேடிக் கண்டுபிடிங்க, கடைசியில ஒரு பொட்டி இருக்கு." வரலாறு வாத்தியார். முந்தின வாரமே பைக்கில் போய் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

இரண்டு அணி. ஒன்றில் நானும் என் பையனும் மாமியாரும். இன்னொன்றில் அண்ணி, அவர் மகள், மகன், கூடவே என் வீட்டுக்காரர். போனில் தேடக்கூடாது. ஊர்க்காரர்களிடம் கேட்கலாம். ஓடக்கூடாது. மூன்றாவது விதி என் மாமியாருக்காகப் போட்டதாக நினைத்தேன். இல்லையாம், சாமி கும்பிடுகிற இடங்களுக்குள் பிள்ளைகள் ஓடக்கூடாது என்பதற்காக.

முதல் தடயம் நுழைவாயிலிலேயே முடிந்துவிட்டது. வெள்ளையடித்த அந்த வாசலில் டென்மார்க் அரச முத்திரையும் 1792 என்ற ஆண்டும் இருப்பதை யாரும் தவறவிட முடியாது. அதை விடுங்கள். இரண்டாவதில்தான் வேட்டை சூடுபிடித்தது. துண்டுச் சீட்டில் இப்படி எழுதியிருந்தார்:

"நாலு எண்ணைக் கூட்டினால் ஒன்பது.
அலைச்சத்தம் கேட்கும், அலை தெரியாது.
எனக்குப் பின்னால் பிறந்த தம்பிக்குத்தான் ஊரில் பேர்."

என் வீட்டுக்காரர் முதல் வரியைப் படித்ததுமே, "1620! ஒண்ணு, ஆறு, ரெண்டு. ஒன்பது வந்துருச்சு. கோட்டைதான்" என்று கிளம்பிவிட்டார். தப்பு என்று சொல்ல முடியாது. ஓவே கியெடே என்ற டேனிஷ் தளபதி தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கியது 1620இல்தான். அந்த அணி முழுக்க அவர் பின்னாலேயே கடலைப் பார்க்க நடந்தது.

எங்கள் பக்கம் மாமியார் நகரவே இல்லை. "அலை தெரியாதுன்னு போட்டிருக்கே. கோட்டை மேல ஏறினா கடலைத் தவிர வேற என்ன தெரியும்?" என்றார். சரிதான். அப்புறம் பையன் சீயோன் ஆலயத்தைக் காட்டினான். 1701. ஒன்று, ஏழு, பூஜ்யம், ஒன்று. அதுவும் ஒன்பது! கூட்டினால் ஒரே எண் வருகிற இரண்டு கட்டடம் ஒரே ஊரில் இருப்பதை அண்ணன் எப்படியோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார். தம்பி யாரென்பது பிறகு சுலபம். 1718இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வருகிறார்கள், அவர் கல்லறையும் அதற்குள்தான் இருக்கிறது.

அந்தத் தம்பி வீட்டுக்கான தடயம்: "மகுடம் சூட்டிய கோலம், மார்கழி இல்லாமலும் அழியாத கோலம். யார் வாசலில்?" நாங்கள் போனது மார்கழி. கேட்கவா வேண்டும், பையன் பழைய திண்ணை வீடுகள் இருக்கிற தெருவுக்குள் புகுந்து வாசல் வாசலாகக் கோலம் பார்த்துக்கொண்டு போனான். ஒரு வீட்டில் எழுபது வயது மதிக்கத்தக்க பாட்டி, "என்னடா தம்பி தேடுறே?" என்று கேட்டு, விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "மகுடமா? கோயில் நெத்தியப் பாருடா, தரையையே பாக்குறியே." எருசலேம் ஆலயத்தின் முகப்பில் கிரீடத்துக்குக் கீழே டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் பெயரெழுத்து சுதை வேலையில் பின்னிக் கிடக்கிறது. இந்த ஊருக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன், அதைக் கவனித்ததே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது மாசிலாமணிநாதர் கோயில் தடயம். "என்னிடமிருந்து பாதியைப் பிடுங்கியவன் இன்னும் என் வாசலிலேயே படுத்துக் கிடக்கிறான். அவன் யார்?" மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், 1306ஆம் ஆண்டு. கோயில் வாசலில் நிஜமாகவே ஒரு நாய் படுத்திருந்தது. பையன் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமியார் கரையோரம் கொட்டிய பாறை மேல் உட்கார்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போய், "ஏந்தம்பி, கோயில் முன்னாடி இன்னும் பெரிசா இருந்துச்சா?" என்று கேட்டார். அவர் ஊசியைக்கூட நிறுத்தாமல் மோவாயால் கடலைக் காட்டினார். "அந்தா கெடக்கு பாருங்கம்மா. எங்க தாத்தா காலத்துலேர்ந்து தின்னுக்கிட்டேதான் இருக்கு." மாமியாருக்கு விடை கிடைத்துவிட்டது. பையனுக்கு இன்னும் நாய் மேல் சந்தேகம்.

கடைசிக்கு முந்தினது கொஞ்சம் கரடுமுரடு. "பாலாடைக்கட்டியை மூடிக்கொண்டு கப்பலில் வந்தேன். உருக்கினார்கள், எழுத்தானேன். என்னை வைத்து அச்சடித்தவர் வீடு எது?" ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் ஏகமாகச் செலவானது. இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் சீஸ் டப்பாக்களின் ஈய மூடியை உருக்கி இங்கேயே சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள் என்பது வரலாறு. தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. சீகன்பால்கு வீட்டை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் பாருங்கள், இந்தத் தடயத்துக்கு ஊரைப் பார்க்கவே வேண்டியதில்லை. படித்திருந்தால் தெரியும், இல்லையென்றால் தெரியாது. அண்ணனிடம் சொன்னேன், "வாத்தியார் கேள்வி கேட்டுட்டீங்க" என்று. ஒத்துக்கொள்ளவில்லை.

பெட்டி கோட்டைக்குப் பக்கத்து டீக்கடையில் இருந்தது. சின்ன டிரங்குப் பெட்டி, மூன்று எண் பூட்டு. "டென்மார்க்காரன் இந்த ஊரை எத்தனை வருஷம் வைத்திருந்தான்?" 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆக, 225. அதற்குள் அண்ணன் மகள், "218" என்று சொல்லிவிட்டாள். நெப்போலியன் சண்டைக் காலத்தில் 1808 முதல் 1815 வரை ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்ததே, அந்த ஏழைக் கழிக்க வேண்டாமா என்று அப்பாவையே மடக்கினாள். என்னைக் கேட்டால் அவள் விடைதான் நியாயமானது. பூட்டு 225க்குத்தான் திறந்தது. உள்ளே ஒரு டப்பா அதிரசம். அடுத்த வேட்டைக்குத் தடயம் எழுதும் உரிமை அவளுக்கு என்று தீர்ப்பாயிற்று.

உங்களில் யாராவது இப்படிக் கடலோர ஊர்களில் சுற்றியிருக்கிறீர்களா? தடயங்களையும் எழுதுங்கள், சுட்டுக்கொள்கிறோம்.

பொறையாறிலிருந்து

அக்கா, உங்கள் அண்ணனுக்கு ஒரு திருத்தம் சொல்லுங்கள். அந்தச் சீஸ் டப்பா எழுத்தை வார்த்தது எங்கள் பொறையாறில். காகிதப் பட்டறை போட்டதும் இங்கேதான். கடுதாசிப்பட்டறை என்று இன்னமும் ஊர்ப்பெயராகவே இருக்கிறது. தரங்கம்பாடி வருகிற எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பாமலே போய்விடுகிறார்கள். அடுத்த தடவை நடையை இங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வேட்டை குடும்பத்தோடு போனது, நல்லது. நான் பார்த்த இன்னொன்றைச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் பஸ் வைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் ஒரே நிற பனியன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனை நடக்கிறது, இவர்கள் ஜன்னல் வழியாகப் போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். தடயம் அப்படிக் கேட்டதாம். ஒரு திண்ணைத் தூணில் சாக்பீஸால் அம்புக்குறி வேறு. அந்த வீட்டு அம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே விட்ட வசவு நாலு தெருவுக்குக் கேட்டது. தடயம் எழுதுகிறவர்கள் எந்த நேரத்தில் எங்கே ஆள் இருப்பார்கள் என்று பார்த்து எழுதினால் புண்ணியம்.

புதுச்சேரியிலிருந்து

எங்கள் ஊரில் தடயம் எழுதுவது ரொம்பச் சுலபம், அதனாலேயே கஷ்டமும். கடற்கரை காந்தி சிலையைச் சுற்றி எட்டுத் தூண், செஞ்சியிலிருந்து வந்தவை. அதை எத்தனை பேர்தான் கேட்பார்கள்? கல்லூரி நண்பர்களுக்காக நான் எழுதியதில் ஒன்றுதான் தேறியது.

"குளம் வெட்டத் தன் வீட்டை இடித்தவள். வீட்டுக்குப் பதில் மண்டபம் கிடைத்தது. அரசாங்கப் பலகையில் எல்லாம் அவள் மண்டபம்தான்."

ஆயி மண்டபம். ராஜா ஒருவர் அவள் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு, தாசி வீடென்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னார், அவளே இடித்து ஊருக்குக் குளம் வெட்டிவிட்டாள் என்பது கதை. பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பாரதி பூங்கா இருக்கும் இடத்தில் மண்டபம் எழுப்பினார்கள். புதுச்சேரி அரசு முத்திரையில் இருப்பது அதுதான். நண்பர்கள் மூன்று பேர் அந்த முத்திரை போட்ட ஜீப்புக்கு நேர் எதிரில் நின்றுகொண்டு, "அரசாங்கப் பலகையா, எந்தப் பலகைடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் அரிவாளால் ஜீப் கதவைக் காட்டினார். அதற்காக இரண்டு இளநீர் கூடுதலாக வாங்க வேண்டியதாயிற்று.

ஒரு வம்பும் உண்டு. நீல நிறத் தெருப்பெயர்ப் பலகையில் எழுத்து எண்ணச் சொல்லி ஒரு தடயம். ஒரு கோஷ்டி தமிழை எண்ணியது, இன்னொரு கோஷ்டி பிரெஞ்சை எண்ணியது. தமிழை எண்ணியவர்களுக்குள்ளேயே மெய்யெழுத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று சண்டை. எழுத்தெண்ணும் தடயமே இனி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

இங்கிலாந்து, லீட்ஸிலிருந்து

இங்கே கடலோர ஊர் ஒவ்வொன்றுக்கும் நடைவேட்டைப் புத்தகம் விற்கிறது. காசு கொடுத்து வாங்கி, சுவரில் பதித்த கல்வெட்டுப் பலகைகளையும் பெஞ்சுகளில் இருக்கும் நினைவு வாசகங்களையும் படித்துக்கொண்டே நடக்க வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விட்பி போயிருந்தோம். மலைமேல் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்துக்கு 199 படி. எண்ணிக்கொண்டே ஏறினால் ஆளுக்கொரு கணக்கு வருகிறது. மகளுக்கு 197, எனக்கு 201, மனைவி பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டார். பத்துப் படிக்கு ஒன்றாக ரோமன் எண் பொறித்த சின்ன வட்டம் இருப்பதை இறங்கும்போதுதான் மகள் கண்டுபிடித்தாள்.

வழியில் மரப் பலகை போட்ட அகலமான இடங்கள் உண்டு. மூச்சு வாங்க உட்கார்ந்தோம். சவப்பெட்டி தூக்கி வருகிறவர்கள் இறக்கி வைத்து இளைப்பாறப் போட்டதாம், புத்தகத்திலேயே அது ஒரு தடயம். படித்ததும் மனைவி எழுந்துவிட்டார். "நம்ம ஊர்லயும் சுமைதாங்கிக் கல்லு இருக்கு, அதுல யாராச்சும் உக்காருவாங்களா?" என்றார்.

எதிர்க்கரை மேட்டில் திமிங்கில எலும்பால் வளைவு ஒன்று இருக்கிறது. பழைய திமிங்கில வேட்டைத் துறைமுகம் என்பதன் அடையாளம். அந்த வளைவு வழியாகப் பார்த்தால் தேவாலயம் சரியாக நடுவில் தெரிகிறது. அங்கே நின்று பார்த்தால்தான் அந்தப் பக்கத் தடயத்துக்கு விடை. உங்கள் அண்ணன் அலை தெரியாது என்று எழுதியதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. நிற்க வைக்கிற தடயம்தான் தடயம்.

மீண்டும் நான்

பொறையாறுக்காரரே, அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "நான் வீடு எதுன்னுதானே கேட்டேன், வார்த்த இடம் எதுன்னு கேட்டேனா?" என்கிறார். வாத்தியாரை மடக்க முடியாது. ஆனால் அடுத்த நடை கடுதாசிப்பட்டறையிலிருந்துதான் என்று அவர் மகள் எழுதி வைத்துக்கொண்டாள். எழுத்தெண்ணும் தடயம் போட்டால் மெய்யெழுத்தும் சேரும் என்று சீட்டிலேயே எழுதிவிடுவாளாம்.

போக நினைப்பவர்களுக்கு: கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மாலை வெயில் தாழ்ந்த பிறகு போகலாம் என்று இருந்தால் அதற்குள் கோட்டையை மூடிவிடுவார்கள், அதனால் கோட்டையை முதலில் முடித்துக்கொண்டு கோயிலைக் கடைசியில் வையுங்கள். வயதானவர்கள் கூட வந்தால் பயப்பட வேண்டாம். நுழைவாயிலிலிருந்து கடல் வரை ஒரே நேர் தெரு, உட்காரத் திண்ணையும் உண்டு. அந்த நாய்க்குப் பிஸ்கட் எடுத்துப் போங்கள் என்று பையன் எழுதச் சொல்கிறான்.