கரி அடுப்புக் கோழி: ஆர்டர் கொடுக்கும் முன்னாடி எதையெல்லாம் பார்ப்பீங்க? மதுரையின் அஞ்சு பகுதிக்காரங்க சொல்றாங்க.

அண்ணாநகர்:
கண்ணாடிப் பெட்டிக்குள்ள கேஸ்ல சுத்துற கிரில் வேற, கரிக்கு மேல வலையில வைச்சுச் சுடுற அல்ஃபாம், பார்பிக்யூ வேற. இங்கே பேச்சு இரண்டாவதைப் பத்தி. கடையில் உட்கார்ந்ததும் கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: "இப்பப் போட்டா எவ்வளவு நேரம் ஆகும்ணே?" எலும்பில்லாத டிக்கா 12 முதல் 15 நிமிடம். லெக் பீஸ் 25. விரிச்சு வைச்ச முழுக்கோழி 35-க்குக் குறைஞ்சு வேகவே வேகாது. பத்து நிமிஷத்துல ஹாஃப் வருதுன்னா அது முன்னாடியே அரைவேக்காடா சுட்டு வைச்சது. ஞாயித்துக்கிழமை எட்டரை மணிக் கூட்டத்துக்கு அப்படிச் செய்யாம சமாளிக்க முடியாதுங்கிறது உண்மை. ஆனா அந்தத் துண்டுகள் ஃபிரிட்ஜ்ல இருக்கா, அடுப்போரத் தட்டுல திறந்து கிடக்கான்னு பாருங்க. தட்டுல கிடந்தா வேற ஏதாவது சொல்லிக்கலாம். பாதி வெந்த கறி இளஞ்சூட்டில் இருக்கும்போதுதான் கிருமி வேகமாப் பெருகும்.

காளவாசல்:
அண்ணாநகர் அண்ணன் சொன்ன நேரம் சரி. அதுகூட கரியையும் பாருங்க. நம்ம பக்கம் வர்றது பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்து சீமைக்கருவேலங்கரி. நல்லா நின்னு எரியும். பத்த வைச்சு, மேல வெள்ளைச் சாம்பல் படிஞ்சு, உள்ளே செக்கச்செவேல்னு கனலா ஆன பிறகுதான் கறியை வைக்கணும். நடுவுல கருப்பா, புகை கக்கிக்கிட்டு இருக்கும்போதே வைச்சா கசக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரி ஈரம் ஏறிடும். அப்பப் படபடன்னு வெடிச்சு, பொறியும் சாம்பலும் கறி மேல ஒட்டும்.

அடுத்தது தீ நாக்கு. கோழித்தோல் கொழுப்பு உருகிக் கனல்ல சொட்டினா குப்புன்னு பிடிக்கும். கைகாரர் வலையை அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்துவாரு, இல்லேன்னா கரியை ஒரு ஓரமாக் குவிச்சு, மறு ஓரத்துல கறியை வைப்பாரு. தீயிலேயே விட்டா மேலே கருகும், தொடைக்குள்ள பச்சையா நிக்கும். சுட்டு முடிக்கிற கடைசி அஞ்சு நிமிஷத்துலதான் தேன், இனிப்பு சாஸ் தடவணும். முதல்லயே தடவுற இடத்துல கருகல் நிச்சயம், சர்க்கரை அவ்வளவு சீக்கிரம் கருகும்.

கே.கே.நகர்:
ஒரு சந்தேகம் பலருக்கும் வரும். எலும்போரம் சிவப்பா இருந்தா வேகலைன்னு தட்டைத் திருப்பிக் கொடுத்திடுவாங்க. பிராய்லர் ஆறு, ஏழு வாரக் குஞ்சு. எலும்பு முற்றாததால் மஜ்ஜையின் நிறம் வெளியே கசியும், ஃபிரீசரில் இருந்த கோழியில் இன்னும் அதிகமாத் தெரியும். நிறத்தை மட்டும் வைச்சு முடிவு செய்யாதீங்க. தொடையும் காலும் சேரும் மூட்டைத் திருகிப் பாருங்க. எளிதாக் கழண்டு, கறி நார்நாராப் பிரிஞ்சா வெந்தாச்சு. கொழகொழன்னு வழுக்கினா, ரப்பர் மாதிரி இழுத்தா, தயங்காம "இன்னும் கொஞ்சம் வையுங்கண்ணே"ன்னு கேட்டு அனுப்புங்க. வீட்டில் சுடுறவங்க எலும்பைத் தொடாம, தொடையின் தடிச்ச இடத்துல தெர்மாமீட்டரைக் குத்தினா 74 டிகிரி செல்சியஸ் காட்டணும்.

நாட்டுக்கோழி கேட்டு அடம் பிடிக்காதீங்க. வலையில் நேராச் சுட்டா சவுக்கு சவுக்குன்னு ஆயிடும். முதல்ல ஆவியில் வேக வைச்சாதான் உண்டு.

சிம்மக்கல்:
மசாலா பற்றி. ஒரு கிலோவுக்கு உப்பு 12 முதல் 15 கிராம், கெட்டித் தயிர் 150 கிராம், இஞ்சி பூண்டு விழுது இரண்டு கரண்டி, காஷ்மீர் மிளகாய்த்தூள். நெஞ்சில் இரண்டு, தொடையில் இரண்டு, காலில் ஒன்று என எலும்பு வரைக்கும் கீறல். ஃபிரிட்ஜில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். சீக்கிரம் மிருதுவாகட்டும் என்று பப்பாளிக்காயை அள்ளிப் போடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. அது அதிக நேரம் ஊறினால் மேல்புறம் கூழாகிவிடும், கடிக்கக் கறியே இருக்காது.

மட்டன் சீக் கெபாப் (கொத்துக்கறியைக் கம்பியில் பிடித்துச் சுடுவது) கம்பியிலிருந்து நழுவினால், வெங்காயத்தைப் பிழியாமல் கொத்துக்கறியில் சேர்த்திருப்பார்கள். கறியில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் உதிரும்.

சிவப்பு விரலில் ஒட்டிக் கழுவினாலும் போகவில்லையென்றால் அது பெரும்பாலும் மிளகாய் இல்லை, சாயம். கர்நாடகம் 2024 ஜூனில் கெபாபில் செயற்கை நிறத்துக்குத் தடை போட்டது.

கோரிப்பாளையம்:
கறியை விடத் தொட்டுக்கொள்கிற வெள்ளைதான் அதிகம் கவலைப்பட வேண்டியது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சால்மொனெல்லா கிருமிதான் காரணம். "முட்டை போட்டதா, போடாததா?"ன்னு கேளுங்க. பூண்டையும் எண்ணெயையும் மட்டும் அடிச்ச பூண்டு சாஸ்னா முட்டைப் பேச்சே இல்லை, அல்ஃபாமுக்கு அதுதான் பொருத்தமும். எதுவா இருந்தாலும் கிண்ணம் சில்லுன்னு வரணும். மேசையில் மதியத்திலிருந்து நிற்கிற பாட்டில் வேண்டாம்.

பார்சல் வாங்குறவங்களுக்கு: ஃபாயிலை இறுக்கி மூடினா ஆவி உள்ளேயே நின்னு தோல் ஊறிப்போகும். ஒரு மூலையைத் திறந்து விடச் சொல்லுங்க. நியூஸ்பேப்பர்ல சுத்தினா மறுத்திடுங்க, மை கறியில் ஏறும். சாஸைத் தனியா வாங்குங்க. திரும்பச் சூடு பண்ண மைக்ரோவேவ் வேண்டாம், தோசைக்கல்லில் ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு, மூடி போட்டு, நடுத்தீயில் எட்டு நிமிஷம். அப்புறம் மூடியைத் திறந்து ரெண்டு நிமிஷம் விட்டா தோல் மறுபடி முறுகும்.

காளவாசல்:
மாடியில் சொந்தமாச் சுடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. மழை வந்தாலும், குளிர் அடிச்சாலும் கனல் உள்ள அடுப்பை அறைக்குள்ள தூக்கி வரவே கூடாது. புகை தெரியாது, வாசனையும் இருக்காது, கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்னுடும். மிச்சக் கரியைத் தண்ணி ஊத்தி அணைச்சு, வெளியிலேயே விடுங்க.